செவிட்டு மெஷின்

நிரோஷினி எங்கள் கந்தோருக்குள் வந்தும் கதிரையில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவேன், அழுதால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும் என்றாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் அழுது முடிப்பார்கள், பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். அதற்குள் எனக்குப் பசி வந்துவிடும்.

கந்தோர், ஆபீஸ் என்று பெரிதாகச் சொல்கிறேன். கண்டி மஹய்யாவயில் ஒரு சலூனுக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை அது. மூன்று கதிரை, ஓர் அலுமாரி, சஞ்சீவனி அக்கா. துப்பறிகிறவர் அவர். நான் ஹில்மி. ஆட்டோ ஓட்டுவது, பூட்டிய கதவைத் தட்டுவது, அக்கா யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என் வேலைகள். கடைசி வேலையில் நான் இன்னும் தேறவில்லை.

நிரோஷினியின் ஊர் கலஹா. கல்யாண வீடுகளுக்குப் போய், அங்கேயே தங்கிப் பெண்ணுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கிறவள். கலகெதரயில் றம்லத் என்பவரின் வீட்டில் அவர் மகள் ஜஹானாவுக்குத் தைக்கப் போயிருந்தாள். சட்டைக் கையை அளவு பார்க்கும்போது ஜஹானா கையிலிருந்த காப்பு இடைஞ்சலாக இருந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்குப் போட்ட தடித்த தங்கக் காப்பு. கழற்றித் தையல் மெஷின் பக்கத்தில் வைத்தார்கள். சட்டையைப் போட்டுப் பார்த்து, அவிழ்த்து, பின் வளவுத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தபோது காப்பு இல்லை. வளவுக்குப் போகும்போது அதைத் திரும்பப் போட்டேனா இல்லையா என்று ஜஹானாவுக்கு நினைவும் இல்லை.

வீட்டிலிருந்த ஒரே வெளியாள் நிரோஷினி. மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

இன்று மதியம் ளுஹர் தொழுகை முடிந்ததும் பொலிஸில் முறைப்பாடு கொடுப்பதாக றம்லத் சொல்லி அனுப்பியிருக்கிறார். நிரோஷினிக்கு ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலை சரியாகியிருக்கிறது. குற்றம் ஏதும் இல்லை என்று பொலிஸ் ரிப்போர்ட் கொண்டுவந்தால் சேர்ந்துவிடலாம். பொலிஸில் அவள் பெயர் ஒருமுறை திருட்டோடு சேர்ந்துவிட்டால் அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான். அப்புறம் எந்தக் கல்யாண வீடும் அவளைப் படியேற்றாது.

"நான் எடுத்திருந்தா இங்க வருவனா மிஸ்?" என்று கேட்டாள்.

எடுத்தவர்களும் வந்திருக்கிறார்கள். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார், மூடிக்கொண்டேன்.

அக்கா கேட்டது வேறு. வளவில் விழுந்திருக்கலாம் என்று ஏன் அவர்கள் நினைக்கவில்லை? நினைத்தார்கள் என்றாள் நிரோஷினி. றம்லத்தின் தம்பி ரிஸ்கான், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறார். போன பெருநாளுக்கு முன் றம்லத்தின் காதுப்பூ அதே வளவில் விழுந்து, அந்த மெஷின்தான் எடுத்துக் கொடுத்தது. அன்றிலிருந்து தெருவே அதை நம்புகிறது. காப்பு காணாமல் போன அன்றும் தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, ரிஸ்கான் வளவை மூலை விடாமல் தடவினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாதுன்னு சொன்னாங்களா?"

"அதேதான் மிஸ் சொன்னாங்க."

"அப்ப மெஷினத்தான் மொதல்ல விசாரிக்கணும்" என்று அக்கா குடையை எடுத்துக்கொண்டார்.

மெஷினை விசாரிப்பதென்றால் கட்டுகஸ்தோட்டை அம்ஜத்திடம்தான் போக வேண்டும். கலகெதர போகும் வழியிலேயே கடை. ரேடியோ, மின்விசிறி, உயிர் போன எதையும் மேசையில் கிடத்திப் பார்க்கிறவன் அவன். நிலத்துக்கடியில் தண்ணீர்க் குழாய் தேடும் கொந்தராத்துக்காரர்களுக்கு இந்த மெஷின்களைப் பழுதுபார்த்துக் கொடுப்பதும் அவன்தான். அனுமதியில்லாமல் இதைத் தூக்கிக்கொண்டு மலையேறினால் புதையல் கிடைக்கிறதோ இல்லையோ, பொலிஸ்காரருக்கு நாம் கிடைத்துவிடுவோம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

அவன் மேசையிலும் ஒரு மெஷின் இருந்தது. நீளக் கம்பு, கீழே வட்டத் தட்டு, மேலே சின்னத் திரை. திரையில் வரிசையாகப் பெட்டிகள். இடது ஓரப் பெட்டி ஆணிக்கு. அடுத்தது பால்மா பக்கற்றுக்குள் இருக்குமே, அந்த மாதிரி வெள்ளித்தாளுக்கு. அதை ஒட்டித் தங்கம். பிறகு சோடா ரின் மூடிகள். வலது ஓரத்தில் செம்பு, வெள்ளி, பழைய காசு. எந்தப் பெட்டியைப் பூட்டுகிறோமோ அந்த உலோகத்துக்கு மெஷின் செவிடாகிவிடும். திறந்தால் பாடும்.

"புதுசா வாங்கினவன் கம்பனி அனுப்பின மாதிரியே வெச்சிப்பான்" என்றான் அம்ஜத். "ஆணிப் பெட்டி பூட்டித்தான் வரும். நம்மட வளவுகள்ல அடிக்கொரு ஆணி ஈக்கி. எல்லாம் கேட்டா புது ஆளுக்குப் பைத்தியம் புடிக்கும். வலது பக்கத்து ஒசந்த சத்தம் மட்டும் கேட்டாப் போதும், சந்தோசமாத் தோண்டுவான்."

பிறகு காது பழகப் பழக ஒவ்வொரு பெட்டியாகத் திறப்பார்களாம். மெதுவாகக் கூர்மையையும் கூட்டுவார்கள். இந்தப் பக்கத்துச் செம்மண்ணே மெஷினுக்குள் முணுமுணுக்கும். தட்டை மேலும் கீழும் ஆட்டி, மண்ணின் சத்தத்தை அடக்கிய பிறகுதான் பழகின ஆள் ஓரடி எடுத்துவைப்பான். கடைசியில் எதையுமே பூட்டமாட்டான். எல்லாச் சத்தத்தையும் உள்ளே விட்டு, எது ஆணி, எது அணி என்று காதாலேயே பிரித்துவிடுவான். ஒழுங்காகக் கேட்கத் தெரியாதவனுக்குத்தான் பூட்டு என்றான்.

கலகெதர ரிஸ்கான் எந்த நிலையில் இருக்கிறார் என்று அக்கா சாதாரணமாகக் கேட்டார்.

அம்ஜத் சிரித்தான். ரிஸ்கான் தன்னிடம்தான் இந்த வேலையைப் பழகினார், இப்போது தனக்கே சொல்லிக்கொடுக்கிறார் என்றான். முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மெஷினுக்குக் கீழே எதை வைத்தாலும் சத்தத்தைக் கேட்டே பெயர் சொல்லுவாராம். ஈயம், பித்தளை, தங்கம், ஒன்றும் தப்பாது. பூட்டு போட்டுத் தேடுவதைக் கண்டால் அவருக்குக் கோபமே வரும்.

எந்தப் பொத்தானை அழுத்தினால் பெட்டி திறக்கும், எதை அழுத்தினால் பூட்டும் என்று அக்கா கேட்டுப் பழகிக்கொண்டார். எனக்கு ஆட்டோவுக்குள் ஏறும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. காப்பை எடுத்தவர் ரிஸ்கான். தங்கப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு தெருவுக்கு முன்னால் படம் காட்டியிருக்கிறார். இதைச் சொன்னபோது அக்கா, பாதையைப் பார்த்து ஓட்டு என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

றம்லத்தின் வீட்டில் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. முன் ஹோலில் பாய் விரித்துத் தெருப் பெண்கள் இனிப்புப் பொதி கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கொஞ்சம் பெரிய கதிரையில் மாப்பிள்ளையின் சாச்சி, சின்னம்மா. உதவிக்கு வந்தாராம். அவர் கட்டிய பொதி ஒன்றையும் நான் காணவில்லை. நிரோஷினியைக் கண்டதும் எல்லாருடைய கையும் நின்றது, வாயும் நின்றது.

"கொண்டு வந்தியா?" என்று கேட்டார் றம்லத். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

அக்கா முன்னால் போய், தான் யார் என்று சொல்லி, பொலிஸுக்குப் போவதற்கு முன் அந்த மெஷினால் ஒருமுறை தன் கண் முன்னால் தேடிக் காட்ட முடியுமா என்று பணிவாகக் கேட்டார். எத்தனை தரம் வேண்டுமானாலும் தேடலாம், மெஷின் என்ன பொய்யா சொல்லப்போகிறது என்றார் றம்லத். கூட்டம் வேண்டாம், வீட்டு ஆட்கள் மட்டும் வந்தால் போதும் என்று அக்கா சொன்னது சாச்சிக்குப் பிடிக்கவில்லை. எழும்பப் பார்த்தவர் திரும்ப உட்கார்ந்தார்.

பின் வளவு பெரியது. வாழை, கறிவேப்பிலை, துணி துவைக்கும் கல், அதற்கப்பால் கொய்யா. புல்லில் அங்கங்கே வட்டமாக வெட்டித் திரும்ப மூடிய அடையாளங்கள். ரிஸ்கான் தோண்டிப் பழகிய குழிகள். புல்லை மூடி போல வெட்டித் தூக்கி, எடுத்ததை எடுத்துக்கொண்டு, மூடியைத் திரும்ப வைத்திருந்தார். இவ்வளவு சுத்தமாகத் தோண்டுகிற மனுஷனை நான் கண்டதில்லை. முனிசிப்பல்காரர்கள் பாதையைத் தோண்டினால் அவர்கள் பேரப்பிள்ளைகள் வந்துதான் மூடுவார்கள்.

ரிஸ்கான் மெஷினோடு வந்தார். நடுத்தர வயது, மெல்லிய குரல், யாரையும் நேராகப் பார்க்காத கண். ஜஹானாவின் வாப்பா மௌத்தான பிறகு இந்த வீட்டுக்கு ஆண் துணை இவர்தான் என்று வரும் வழியில் நிரோஷினி சொல்லியிருந்தாள்.

"எனக்கு இதப் பத்திப் பெரிசா ஒண்டும் தெரியாது" என்றார், கேட்பதற்கு முன்னாலேயே. "சுவிச்சப் போட்டு நடக்கிற, அவ்வளவுதான். பிழைச்சிருக்கவும் ஏலும். தொலஞ்சது தொலஞ்சது எண்டு விட்டாத்தான் எல்லாருக்கும் நல்லம்."

அம்ஜத்துக்கே பாடம் எடுக்கிறவர் இங்கே பாலர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஒன்று விளங்கவில்லை. திருடியவர் என்றால், மெஷின் பிழை விட்டிருக்கலாம் என்று தானாக ஏன் சொல்ல வேண்டும்? பழி தையல்காரி தலையில் ஒழுங்காக விழுந்திருக்கிறது, அதை ஏன் தட்டிவிடப் பார்க்கிறார்?

அவர் நடக்கத் தொடங்குமுன் தட்டைத் தரையோடு மேலும் கீழும் ஆட்டினார். மண்ணின் முணுமுணுப்பு அடங்கியது. அக்கா என்னைப் பார்த்தார். நாக்கு புது ஆள் என்று சொல்லியது, கை பழகின வேலையைச் செய்துவிட்டது.

நான் மெதுவாக அவர் தோளுக்குப் பின்னால் போய்த் திரையை எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் என் முகம் தொங்கிவிட்டது. ஆணிப் பெட்டி திறந்திருந்தது. வெள்ளித்தாள் திறந்திருந்தது. தங்கப் பெட்டி விரியத் திறந்திருந்தது. பூட்டியிருந்தது வலது ஓரம் மட்டும்தான்.

"ஆள் சுத்தம் அக்கா" என்று காதோடு சொன்னேன். "தங்கம் தொறந்துதான் ஈக்கி. நம்மளுக்குத்தான் பிழச்சிட்டு."

"ஒன் மோதிரத்தக் கழட்டு" என்றார் அக்கா.

என் கையில் எப்போதும் ஒரு வெள்ளி மோதிரம் உண்டு. அதை வாங்கிப் புல்லில் போட்டுவிட்டு, இதன் மேல் ஒருதரம் தடவுங்கள் என்றார் ரிஸ்கானிடம். ரிஸ்கான் தடவினார். மெஷின் பேசவில்லை. கண்ணுக்கு முன்னால் வெயிலில் மினுங்கிக்கொண்டிருக்கிறது மோதிரம், மெஷின் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி கண்டும் காணாமல் போகிறது. அக்கா தன் விரலிலிருந்த மெல்லிய தங்க மோதிரத்தைக் கழற்றி அதே இடத்தில் போட்டார். மெஷின் பாடியது.

றம்லத் இரண்டையும் பார்த்தார். இது என்ன என்று தம்பியிடம் கேட்டார். பற்றரி குறைவாக இருக்கும் என்றார் ரிஸ்கான்.

"நானும் புதுசுதான். ஒருக்கா நடந்து பாக்கிறேனே" என்று அக்கா கையை நீட்டினார்.

கொடுக்காமல் இருக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. அக்கா அம்ஜத் காட்டிய பொத்தானை அழுத்தி, பூட்டிய பெட்டிகளைத் திறந்துகொண்டு நடந்தார். துவைக்கும் கல்லைத் தாண்டினார். கறிவேப்பிலையைத் தாண்டினார். வாழையடியில் மூடிய குழி ஒன்றின் மேல் தட்டு போனதும் மெஷின் உச்சக் குரலில் கத்தியது. புது ஆள்களைச் சந்தோசப்படுத்துகிற அதே உயர்ந்த சத்தம்.

ரிஸ்கான் துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய சின்ன மண்வெட்டியாலேயே நான் புல் மூடியைத் தூக்கினேன். அதிகம் தோண்டவும் தேவைப்படவில்லை. பொலித்தீன் பைக்குள் சுற்றிய காப்பு.

நீயா என்று றம்லத் தம்பியைக் கேட்டார். அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆட்டோவில் வந்ததைத் தவிர்த்தால், நிரோஷினி காலையிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்தாள். வெறுந்தரையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். வழக்கு முடிந்தது, ளுஹருக்கு முன் பள்ளிவாசலுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

அக்கா காப்பை என்னிடம் தரவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கத்த ஒளிச்சவர் தங்கப் பெட்டியத்தானே பூட்டணும்" என்றார். "இவர் அதத் தொறந்து வச்சிட்டு, எல்லாரும் ஆசையாத் தேடுற செம்பு, வெள்ளி, காசு, அந்தச் சத்தத்தப் பூட்டியிருக்கார். புது ஆளும் அதப் பூட்டமாட்டான். பழகின ஆளும் பூட்டமாட்டான். இந்தக் காப்பு எந்தப் பெட்டியில கத்தும்னு முன்னாலயே கேட்டுத் தெரிஞ்ச ஆள்தான் பூட்டுவான்."

சொல்லிக்கொண்டே காப்பின் உட்பக்கத்தைத் துவைக்கும் கல்லின் விளிம்பில் அழுத்தித் தேய்த்தார். மஞ்சள் போயிற்று. அதற்கடியில் செம்புச் சிவப்பு.

றம்லத் தலையில் கை வைத்துக்கொண்டார். ரிஸ்கான் தானாகவே பேசத் தொடங்கினார். ஒரு முறை தொடங்கிய பிறகு நிறுத்த அவரால் முடியவில்லை. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அவர். மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் பொறுப்பு என்று றம்லத்திடம் சத்தியம் செய்து கொடுத்தவரும் அவர். நிச்சயத்துக்கு மறுநாள் வீட்டில் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஜஹானா நகைகளை ஒவ்வொன்றாக மெஷினுக்குக் கீழே வைத்து, மாமா இது என்ன, இது என்ன என்று விளையாடியிருக்கிறாள். முதுகைக் காட்டி நின்ற மாமா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இந்தக் காப்பை வைத்ததும் காதுக்குள் செம்பு கத்தியது. தங்கம் என்று சொல்லிவிட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாமல் விட்டால் எப்படியோ போகும் என்று நினைத்தார். ஆனால் இந்தப் பக்கத்து வழக்கத்தை மறந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன் பெண்ணின் நகை எல்லாவற்றையும் நகைக்கடையில் பொலிஷ் போடக் கொடுப்பார்கள். கடைக்காரன் கையில் எடுத்த உடனேயே சொல்லிவிடுவான். நகைகளைக் கடைக்குக் கொண்டுபோக றம்லத் நாள் குறித்தபோதுதான் ரிஸ்கானுக்கு அது நினைவு வந்தது. அடுத்த நாள் கடைக்குப் போக வேண்டிய காப்பு தையல் மெஷின் பக்கத்தில் தனியாகக் கிடக்கக் கண்டு எடுத்துவிட்டார். றம்லத் எல்லாருடைய பையையும் கொட்டத் தொடங்கவே, அன்று காலையில் தோண்டிய குழிக்குள் போட்டு மூடினார். அவர் வளவில் அவர் தோண்டிய குழியை யார் சந்தேகப்படப்போகிறார்கள்? அப்புறம் தெரு முழுவதும் கூடிவிட்டது. தேடு என்றார்கள். செம்புப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு தேடினார். திரும்பத் தேடச் சொல்வார்கள் என்ற பயத்தில் அந்தப் பூட்டைத் திறக்கவும் இல்லை. ஆள் நடமாட்டம் ஓயாத வீட்டில் காப்பைத் தோண்டி எடுக்கவும் முடியவில்லை.

"தையல்காரப் புள்ள மேல விழும் எண்டு நான் நெனக்கல்ல" என்றார்.

"விழுந்த பொறகு நெனச்சீங்கதானே?" என்றார் அக்கா. "ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்க. எந்தப் பொண்ணோட பேர் கெட்டா பரவாயில்லன்னு நீங்க தெரிவு செஞ்சிட்டீங்க."

கெட்ட மனுஷன் என்று ரிஸ்கானைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. திட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

றம்லத் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிரோஷினிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். குரலில் முன்னைய அதட்டல் இல்லை. பொலிஸுக்குப் போகமாட்டேன் என்றார். காப்பு வளவில் கிடந்து எடுத்தோம் என்று முன் ஹோலில் இருக்கிற எல்லாருக்கும் தானே சொல்வதாகச் சொன்னார். செம்பு விஷயம் மட்டும் இந்த வளவைத் தாண்டக் கூடாது. என் பிள்ளையின் கல்யாணம் நின்றுபோகும், நீயும் ஒரு பெண்தானே என்று கையைப் பிடித்தார்.

நிரோஷினி கையை இழுக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"வளவுல கெடந்துச்சுன்னு சொன்னா யாரு நம்புவாங்க அக்கா? அன்னைக்கு இந்த மெஷின் தேடினத தெருவே பாத்துச்சு. அன்னைக்கு இல்லாத காப்பு இன்னைக்கு எப்படி வந்துச்சு? பொலிசுக்குப் பயந்து நான்தான் கொண்டுவந்து போட்டுட்டேன்னு சொல்லுவாங்க. இப்ப நான் கள்ளின்னு பாதி ஆளுங்க நினைக்கிறாங்க. நீங்க அப்படிச் சொன்னா எல்லாரும் நினைப்பாங்க."

நான் அதை யோசிக்கவே இல்லை. அக்காவும் யோசித்தாரோ தெரியாது, அவர் முகம் இறுகியது. அவள் சொன்னது முழுக்கச் சரி. காப்பு கிடைத்தால் மட்டும் அவள் தப்பமாட்டாள். ஏன் கிடைக்காமல் போனது என்று சொன்னால்தான் தப்புவாள். அதைச் சொன்னால் கல்யாணம் இல்லை. றம்லத்துக்கும் அது விளங்கியது. பிடித்த கையை விட்டுவிட்டார்.

"அண்டைக்கி இந்தக் காப்ப மெஷினுக்குக் கீழ வெச்சப்ப நீங்க கொஞ்ச நேரம் பேசாம நிண்டீங்க மாமா."

குசினி வாசலில் ஜஹானா. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. ரிஸ்கான் எழுந்தார். உள்ளே போ மகள் என்றார் றம்லத். அவள் படியிறங்கி வந்து அக்காவின் கையிலிருந்து காப்பை வாங்கினாள். சிவந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். போகும்போது நிரோஷினியைப் பார்த்து, வாங்க அக்கா என்றாள்.

நாங்கள் எல்லாரும் பின்னால் ஓடினோம். ஹோலில் பெண்கள் காது கொடுத்துக்கொண்டிருந்தது ஒதுக்கி வைத்த பொதிகளைப் பார்த்தாலே தெரிந்தது. ஜஹானா நேரே போய்ச் சாச்சியின் மடியில் காப்பை வைத்தாள்.

"இது நீங்க தந்த காப்பு சாச்சி. செம்பு. தெரிஞ்சு தந்தீங்களா, ஒங்களையும் யாராவது ஏமாத்தினாங்களா எண்டு பொறகு பேசுவோம். இத எடுத்து ஒளிச்சது எங்கட மாமா. மெஷினச் செவிடாக்கி வெச்சித்தான் அண்டைக்கி தேடின. நிரோஷினி அக்கா எடுக்கல்ல. அவவக் கள்ளி எண்டு செல்லின எல்லாரும் இப்ப அவட மொகத்தப் பாத்துச் செல்லுங்க."

செம்பு என்ற சொல் கேட்டதும் ஹோலிலிருந்த ஒவ்வொரு பெண்ணும் எட்டிச் சாச்சியின் மடியைப் பார்த்தாள். சாச்சி மட்டும் காப்பைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார். அக்கா அதைக் கவனித்தார். நானும் கவனித்தேன், இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

வெளியே பள்ளியில் பாங்கு சொன்னார்கள். எல்லாரும் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். பாங்கு முடிந்தது. ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். எல்லாருக்கும் பின்னால் நின்ற றம்லத்தான் விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். மகளின் கல்யாணம் கண்ணுக்கு முன்னால் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. நிரோஷினிக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் மொதல்ல செல்லின" என்றார். "நீ எடுக்கல்ல. என்னட்ட வந்தவளுக்கு நான் அநியாயம் செஞ்சிட்டேன் மகள். மன்னிச்சிக்க."

அதன் பிறகு பாயிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். பிறகு இன்னொருத்தி. சிலர் அழுதுகொண்டு சொன்னார்கள், சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்.

பரவாயில்லை என்று நிரோஷினி யாரிடமும் சொல்லவில்லை. கடைசிப் பெண் சொல்லி முடிக்கும்வரை நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டாள்.